உங்களுக்குத் தெரியுமா? - துணிக்கொடியில் தொங்கிய சாட்சிகள்

முள் சேலைமேல் பட்டாலும் சேலை முள்மேல் பட்டாலும் கிழிவது சேலைதான். வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்கு நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை இது. அந்த முள்ளுக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை. முள்ளைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்ட பெண் கலைஞர்களைப் பற்றித்தான் இந்த முறை பேசப்போகிறோம். அவர்களில் பலர் கையில் எடுத்தவை வீட்டுச் சாமான்கள்தான்: கொடிக்கயிறு, பழைய துணி, செருப்பு, ஊசி நூல்.

●

1978-ல் மெக்சிகோ நகரத்தின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குள் ஒரு துணிக்கொடி கட்டப்பட்டது. அதில் துணி ஒன்றும் காயவில்லை. இளஞ்சிவப்புத் துண்டுச்சீட்டுகள் கிளிப் போட்டு வரிசை வரிசையாகத் தொங்கின. மோனிகா மாயெர் என்ற இளம் கலைஞர் நகரத்தில் ஏறத்தாழ 800 பெண்களிடம் சீட்டைக் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: பெண்ணாக இருக்கும் உங்களுக்கு இந்த ஊரில் சற்றும் பிடிக்காத விஷயம் எது? புகை, நெரிசல், விலைவாசி என்று எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். மிகப் பலர் எழுதியது, பஸ்ஸிலும் தெருவிலும் தங்கள் உடம்பின்மேல் பட்ட கைகளைப் பற்றி. தனக்கு மட்டும் நேர்ந்தது என்று ஒவ்வொருத்தியும் மறைத்து வைத்திருந்தது, பக்கத்துச் சீட்டிலும் அதற்குப் பக்கத்துச் சீட்டிலும் அப்படியே இருந்தது.

அந்தக் கொடி இன்னும் அவிழ்க்கப்படவில்லை. பல நாடுகளில் மாயெர் அதைத் திரும்பக் கட்டினார். மெக்சிகோவின் பள்ளி, கல்லூரி மாணவிகள் இப்போது அவர் அனுமதியையெல்லாம் எதிர்பார்ப்பதில்லை. வளாகத்தில் தாங்களே கயிறு கட்டி, தொல்லை கொடுத்தவர்களின் பெயரையே எழுதித் தொங்கவிடுகிறார்கள்.

●

அமெரிக்காவின் கேப் காட் பகுதியில் ஹயானிஸ் என்ற ஊரில் 1990-ல் 31 சட்டைகள் கொடியில் தொங்கின. அடி, உதை, பாலியல் வன்முறை ஆகியவற்றைத் தாண்டி வந்த பெண்கள் தம் கதையைத் தாமே சட்டையில் எழுதியும் வரைந்தும் தந்தவை அவை. கொலையுண்ட பெண்களுக்காக அவர்களின் உறவினர்கள் வெள்ளைச் சட்டையில் எழுதினார்கள்.

●

கொசோவோவில் 1998-99 போரின்போது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் ஏறத்தாழ 20,000 பேர் என்பது மதிப்பீடு. போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் கடந்தும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் கணவன் வீட்டிலும் இடமில்லை, பிறந்த வீட்டிலும் இடமில்லை. 2015 ஜூன் 12 அன்று, தலைநகர் பிரிஷ்டினாவின் கால்பந்து மைதானத்தில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி 5,000 பாவாடைகளும் கவுன்களும் தொங்கவிடப்பட்டன. இதைச் செய்தவர் அல்கேத்தா ஜாஃபா மிரிபா. கால்பந்து மைதானம் ஆண்களின் இடம் என்பதால்தான் அந்த இடத்தையே அவர் கேட்டு வாங்கினார். நாடு முழுக்க ஊர் ஊராகப் போய்த் துணி சேகரித்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் தங்கள் உடையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்போது கொசோவோவின் அதிபராக இருந்த அதிஃபேத்தே யஹியாகாவும் தன் உடையைக் கொடுத்தார். ஒரு நாட்டின் அதிபர் தன் உடையை அந்தப் பெண்களின் உடைக்குப் பக்கத்தில் காயப்போட்டது, பல சட்டங்கள் செய்யாத வேலையைச் செய்தது என்றே நினைக்கிறேன்.

●

உலகத்தின் பல நகரங்களில், நகரச் சதுக்கத்தில் சிவப்புச் செருப்புகளை வரிசையாக வைத்து அஞ்சலி செலுத்தும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது தொடங்கிய இடம் மெக்சிகோவின் எல்லை நகரமான சியுதாத் ஹுவாரெஸ். வேலைக்குப் போன இளம்பெண்கள் காணாமல் போவதும் பாலைவனத்தில் பிணமாகக் கிடைப்பதுமாக 1990கள் முதல் பெயர் கெட்ட ஊர் அது. எலினா சோவே 2009-ல் 33 ஜோடிச் செருப்புகளை அங்கே வைத்தார். அவருடைய சொந்தத் தங்கை கணவன் கையால் கொல்லப்பட்டவர்.

●

இஸ்தான்புல்லில் 2019-ல் ஒரு கட்டடத்தின் வெளிச்சுவரை 440 ஜோடிக் கறுப்புக் குதிகால் செருப்புகள் மறைத்தன. அதற்கு முந்தைய ஆண்டில் துருக்கியில் ஆண்களால் கொல்லப்பட்ட பெண்களின் எண்ணிக்கை அது. செய்தவர் வாஹித் துனா என்ற ஆண் கலைஞர்.

●

கனடாவில் மரத்திலும் பாலத்திலும் அலுவலக வாசலிலும் ஆளில்லாத சிவப்பு கவுன்கள் காற்றில் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். மெத்தி இனத்தைச் சேர்ந்த ஜேமி பிளாக் 2010 வாக்கில் தொடங்கிய வேலை இது. அந்த நாட்டின் பூர்வகுடிப் பெண்கள் பல ஆண்டுகளாகக் காணாமல் போய்க்கொண்டும் கொல்லப்பட்டுக்கொண்டும் இருந்தார்கள். தேட வேண்டிய போலீஸ் தேடவில்லை. ஆவிகளின் கண்ணுக்குத் தெரியும் ஒரே நிறம் சிவப்பு என்று பூர்வகுடியினரிடம் ஒரு நம்பிக்கை உண்டு. போனவர்களைத் திரும்ப அழைக்கும் நிறமாக அதைத் தேர்ந்தெடுத்தார் பிளாக். இப்போது ஒவ்வொரு மே 5-ம் தேதியும் சிவப்பு உடை நாள்.

●

'அந்த நேரத்தில் என்ன உடுத்தியிருந்தாய்?' போலீஸ் நிலையம் முதல் சொந்த வீடு வரை பாதிக்கப்பட்டவளைத் துரத்தும் இந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து, அமெரிக்காவின் ஆர்கன்ஸா பல்கலைக்கழகத்தில் ஒரு கண்காட்சி உருவானது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் அன்று உடுத்தியிருந்தது போன்ற உடைகள் சுவரில் தொங்கும். பக்கத்தில் அவர்கள் சொன்ன சில வரிகள். ஜீன்ஸ், தொளதொளவென்ற டி-சர்ட், வேலைக்குப் போட்டுக்கொள்ளும் சீருடை. பார்க்க வருகிறவர்கள் தம் அலமாரியில் இருப்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள்.

பெங்களூரில் ஜாஸ்மின் பதேஜா மாணவியாக இருந்தபோது 2003-ல் தொடங்கிய 'பிளாங்க் நாய்ஸ்' அமைப்பும் இதே போல் உடைகளைச் சேகரிக்கிறது. அவர்களின் இன்னொரு நிகழ்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. பெண்கள் கூட்டமாகப் பூங்காவுக்குப் போய்ப் புல்தரையில் படுத்துத் தூங்குகிறார்கள். அவ்வளவுதான் நிகழ்வு. நம் ஊர்ப் பூங்காக்களில் மதிய வேளையில் துண்டை விரித்துத் தூங்கும் ஆண்களை எண்ணிப் பாருங்கள். ஒரு பெண்ணையாவது அப்படிப் பார்த்ததுண்டா?

●

கொஞ்சம் பின்னால் போவோம். ஐரோப்பாவின் பெரிய அருங்காட்சியகங்களில் பெண்ணைத் தூக்கிச் செல்லும் காட்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. டிஷியனின் 'யூரோப்பா', ஜாம்போலோன்யாவின் 'சபைன் பெண்கள்' எல்லாம் தெய்வங்களின் லீலையாகவும் வீரர்களின் வெற்றியாகவும் ரசிக்கப்பட்டவை. பெண்மீதான வன்முறையைப் பெண்ணின் பக்கம் நின்று வரைந்த ஓவியர் ஒருத்தி 17-ம் நூற்றாண்டிலேயே இருந்தார்: ரோம் நகரத்தின் ஆர்ட்டெமீசியா ஜென்டிலெஸ்கி.

1593-ல் பிறந்தவர். ஓவியரான அப்பாவின் பட்டறையிலேயே தொழில் கற்றார். குளிக்கும் பெண்ணை இரண்டு கிழவர்கள் மறைந்திருந்து பார்த்து மிரட்டும் 'சூசன்னா' கதையை 1610-ல், தன் 17 வயதில் வரைந்தார். அந்தக் கதையை வரைந்த ஆண்கள் பலரும் சூசன்னாவை அழகு காட்டி உட்காரவைத்திருந்தார்கள். ஆர்ட்டெமீசியாவின் சூசன்னா உடம்பையே முறுக்கிக்கொண்டு, கையை நீட்டித் தடுக்கிறாள், முகத்தில் அருவருப்பு.

அடுத்த ஆண்டே, அப்பாவோடு வேலை செய்த ஓவியர் அகோஸ்தீனோ டாஸ்ஸி அவரைப் பலாத்காரம் செய்தார். 1612-ல் வழக்கு நடந்தது, ஏழு மாதம். சொல்வது உண்மைதானா என்று சோதிக்க, குற்றம் சாட்டப்பட்டவன் கண்ணெதிரில் ஆர்ட்டெமீசியாவின் விரல்களில் கயிற்றைச் சுற்றி இறுக்கினார்கள். தூரிகை பிடிக்கும் விரல்கள். வலியோடு, தான் சொன்னது உண்மை, உண்மை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நீ எனக்குப் போடுவதாகச் சொன்ன மோதிரம் இதுதானா என்று டாஸ்ஸியைப் பார்த்துக் கேட்டார். டாஸ்ஸிக்குக் கிடைத்தது ரோமை விட்டு வெளியேற வேண்டும் என்ற தண்டனை. அதுவும் முறையாக நிறைவேறவில்லை. அந்த விசாரணைப் பதிவு ரோமில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. 2020-ல் லண்டன் தேசிய ஓவியக்கூடம் அவருக்கென்று கண்காட்சி வைத்தபோது, ஓவியங்களோடு அந்த ஏடும் வைக்கப்பட்டது.

வழக்கை ஒட்டிய காலத்தில் அவர் வரையத் தொடங்கிய ஓவியம்தான் 'ஹோலோஃபெர்னஸின் தலையை அறுக்கும் யூதித்'. ஊரை முற்றுகையிட்ட படைத்தலைவனை அவன் கூடாரத்திலேயே கொன்ற பெண்ணின் பைபிள் கதை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, முழு பலத்தையும் கொடுத்து அறுக்கிறாள் யூதித். பணிப்பெண் அவனை அமுக்கிப் பிடிக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் முடியும் என்பது அந்த ஓவியருக்குத் தெரிந்திருந்தது. 1616-ல் ஃபிளாரன்ஸ் நகரத்தின் ஓவியக் கழகம் முதல் பெண் உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டது.

●

ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ், விவசாயிகளின் கலகத்தைப் பற்றி ஏழு அச்சோவியங்கள் செய்தார். இரண்டாவது ஓவியம் 1907-08-ல் செய்தது. மிதிபட்ட தோட்டத்துச் செடிகளுக்கு நடுவே, பலாத்காரம் செய்யப்பட்ட பெண் கிடக்கிறாள். அடையாளம் தெரியாதபடி இலைகளோடு இலையாகக் கிடக்கிறாள். வேலிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு குழந்தையை நீங்கள் சட்டென்று கவனிக்க மாட்டீர்கள். கவனித்த பிறகு அந்தப் படத்தை மறக்க முடியாது.

●

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்பார்கள் நம் ஊரில். மெக்சிகோவில் காதலியைப் பலமுறை கத்தியால் குத்திக் கொன்றவன், சும்மா சின்னச் சின்னதாகச் சில குத்துகள்தானே என்று நீதிபதியிடம் சொன்னதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. ஃபிரீடா காலோ 1935-ல் அதையே தலைப்பாக வைத்து வரைந்தார். கட்டிலில் வெட்டுப்பட்ட உடல். கையில் கத்தியோடு நிதானமாக நிற்கும் ஆண். ரத்தத் துளிகள் படத்துக்குள் அடங்காமல் மரச்சட்டத்தின்மேலும் தெறித்திருக்கின்றன.

●

நியூயார்க்கில் 1985-ல் உருவான 'கெரில்லா கேர்ள்ஸ்' குழுவினர் கொரில்லா முகமூடி போட்டுக்கொண்டு, மறைந்த பெண் கலைஞர்களின் பெயர்களைப் புனைபெயராக வைத்துக்கொண்டு வருவார்கள். 1989-ல் அவர்கள் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நேரில் போய் எண்ணிப் பார்த்தார்கள்: நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாணப் படங்களில் 85 சதவீதம் பெண்ணுடல். 2012-ல் மறுபடி எண்ணினார்கள். பெண் கலைஞர்கள் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தார்கள்.

●

யோகோ ஓனோ 1964-ல் ஜப்பானின் கியோட்டோ நகர மேடையில் ஒரு கத்தரிக்கோலை முன்னால் வைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார். பார்வையாளர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் உடையை வெட்டி எடுத்துப் போகலாம். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் செய்தபோது ஓர் இளைஞன் உள்ளாடையின் பட்டையையே வெட்டினான். யோகோ இரண்டு கைகளாலும் மார்பை மூடிக்கொண்டார். படம் பிடிக்கப்பட்டிருக்கிறது. அவன் முகத்தில் இருக்கும் சிரிப்பையும் சேர்த்து.

●

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1973-ல் ஒரு மாணவி பலாத்காரம் செய்து கொல்லப்பட்டார். கியூபாவில் பிறந்து, அயோவாவில் படித்துக்கொண்டிருந்த ஆனா மெண்டியெத்தா, சக மாணவர்களைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். வந்தவர்கள் பார்த்தது திறந்து கிடந்த கதவையும், மேசையில் கட்டப்பட்டு, ரத்தம் வழியக் குனிந்து கிடந்த ஆனாவையும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவர் அசையவில்லை. வந்தவர்கள் வேறு வழியின்றி உட்கார்ந்து, அதுவரை கிசுகிசுவாகப் பேசிய அந்தச் சாவைப் பற்றி வாய்விட்டுப் பேசினார்கள்.

●

குவாத்தமாலாவின் ரெஹீனா ஹோசே கலிந்தோ 2003-ல் தலைநகரத் தெருவில் வெறுங்காலோடு நடந்தார். கையில் ஒரு பாத்திரம், அதில் மனித ரத்தம். சில அடிகளுக்கு ஒருமுறை அதைக் கீழே வைத்துப் பாதத்தை முக்கி எடுத்து, அரசியல் சாசன நீதிமன்றத்திலிருந்து தேசிய மாளிகை வரை செந்தடம் பதித்துக்கொண்டே போனார். பூர்வகுடி மாயா மக்களைக் கொன்று, பெண்களைச் சீரழித்த ராணுவ ஆட்சியின் தலைவர் ரியோஸ் மோன்ட் அதிபர் தேர்தலில் நிற்கலாம் என்று அந்த நீதிமன்றம் அனுமதித்திருந்தது. கலிந்தோவின் 2005-ம் ஆண்டு வேலை ஒரு மூடிய பெட்டி. உள்ளே அவர் தன்னைத்தானே சாட்டையால் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் வெளியே கேட்கும். 279 அடி. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஜூன் 9 வரை குவாத்தமாலாவில் கொலையான பெண்கள் 279 பேர். அதே ஆண்டு வெனிஸ் கலைவிழா அவருக்குத் தங்கச் சிங்கம் விருது கொடுத்தது.

●

சிறுமியாக இருந்தபோது தெருவில் ஒருவன் கை வைத்ததும், என் உள்ளாடை இரும்பாக இருக்கக் கூடாதா என்று நினைத்தவர் குப்ரா காதெமி. 2015-ல் அப்படியே ஓர் இரும்புக் கவசம் செய்து உடைக்கு மேலே மாட்டிக்கொண்டு காபூல் கடைத்தெருவில் நடந்தார். எட்டு நிமிடம்தான் நடக்க முடிந்தது. ஆண்கள் கூட்டம் கூச்சலோடு கல்லெறிந்து துரத்தியது. கொலை மிரட்டல் வர, நாட்டைவிட்டே வெளியேறி பிரான்ஸில் தஞ்சம் புகுந்தார்.

●

'ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு.' 1980களின் செய்தித்தாள்களில் இந்தத் தலைப்பு இல்லாத வாரம் உண்டா? மாமியாருக்கு ஏன் ஸ்டவ் வெடிக்கவில்லை என்று யாரும் கேட்காமல் இருந்த காலம். பரோடாவில் நீலிமா ஷேக் தனக்குத் தெரிந்த ஒரு சிறுமியின் கதையை 1984-ல் 12 சிறிய ஓவியங்களாக வரைந்தார். 'சம்பா வளர்ந்தபோது' என்று பெயர். பழைய சுவடி ஓவியங்களைப் போல மென்மையான வண்ணம். கல்யாணம், புகுந்த வீடு, நெருப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்கத்தான் அந்த மென்மை எவ்வளவு பெரிய கொடுமையைத் தாங்கியிருக்கிறது என்று புரியும்.

●

அதே வரதட்சிணைச் சாவுகளைக் கேமராவால் பின்தொடர்ந்தவர் டெல்லியின் ஷீபா சாச்சி. 1980 ஆர்ப்பாட்டத்தில் அவர் எடுத்த ஒரு படம் வரதட்சிணை எதிர்ப்பு இயக்கத்தின் முகமாகவே ஆகிவிட்டது: எரிந்து செத்த மகளின் போட்டோவைக் கையில் ஏந்தி நிற்கும் தாய் சத்யராணி சாதா. கர்ப்பிணி மகளை 1979-ல் இழந்த அந்தத் தாய், முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றப் படி ஏறினார். அவரைப் போன்ற தாய்மார்களின் போராட்டத்தால்தான் 1983-லும் 1986-லும் சட்டம் திருத்தப்பட்டது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது பத்து ஆண்டு கழித்து சாச்சி செய்தது. முழக்கமிடும் கூட்டத்தின் படங்களில் அந்தப் பெண்கள் வெறும் சின்னங்களாகிவிட்டார்களே என்று அவருக்கே உறுத்தியது. அதனால் ஏழு பெண்களிடம் போய், எங்கே உட்கார வேண்டும், பக்கத்தில் என்ன வைக்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள் என்றார். சத்யராணி தேர்ந்தெடுத்த இடம் உச்ச நீதிமன்றம்.

●

சென்னையின் எலியட்ஸ் கடற்கரையோரம் வாழ்ந்த சந்திரலேகா, 1991-ல் அரங்கேற்றிய 'ஸ்ரீ' நடனத்தில் பெண்களை முதுகு வளைந்து நகரவைத்தார். பரதம் காட்டும் நிமிர்ந்த உடல் எப்படி, யாரால் வளைந்தது என்பதுதான் அந்த நடனத்தின் கேள்வி.

●

அ. மங்கை 1990களில் இயக்கிய 'பச்ச மண்ணு' நாடகம் பெண்சிசுக் கொலையைப் பற்றியது. உசிலம்பட்டி என்ற பெயரே நாடு முழுக்க அதற்காக அறியப்பட்டு, அரசு 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்திருந்த காலம். கொன்றவளைக் குற்றவாளி என்று கைகாட்டிவிட்டுப் போவது எளிது. மங்கை அப்படிச் செய்யவில்லை. பிறப்பு, பூப்பு, கல்யாணம், சீமந்தம் என்று பெண்ணுக்குச் செய்யும் சடங்குகளை வரிசையாகக் கொண்டுவந்து, ஒவ்வொரு சடங்கும் பெண்ணைப் பெற்ற வீட்டுக்கு என்ன செலவு வைக்கிறது என்று கிராமத்துப் பெண்களுக்கு முன்னாலேயே கணக்குப் போட்டார்.

இலங்கையில், போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் நாடகத்தையும் பாட்டையும் எடுத்துக்கொண்டு ஊர்களுக்குள் போனது. அந்த மண்ணின் ஓவியர் கமலா வாசுகி பெண்கள்மீதான வன்முறையைத் தொடர்ந்து வரைந்து வருபவர்.

●

மணிப்பூரில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' சிறுகதையை இம்பாலில் 2000-ம் ஆண்டு நாடகமாக்கினார் ஹெய்ஸ்னாம் கன்ஹைலால். ராணுவக் காவலில் கூட்டாகச் சிதைக்கப்பட்ட பழங்குடிப் பெண், மறுநாள் தரும் துணியை உடுத்த மறுத்து, நிர்வாணமாக அதிகாரியின் எதிரே வந்து நிற்கும் கதை. அதில் நடித்தவர் அவர் மனைவி சாபித்ரி, அப்போது ஐம்பதைத் தாண்டியவர். கடைசிக் காட்சியில் மேடையில் ஆடையைக் களைந்து நின்றார். ஊர் கொதித்தது. நம் பெண்களுக்கு இது அழகா என்றார்கள்.

2004 ஜூலையில், அசாம் ரைபிள்ஸ் படையினர் இரவில் வீட்டிலிருந்து கூட்டிப்போன ஓர் இளம்பெண் குண்டுகளோடு பிணமாகக் கிடைத்தார். ஜூலை 15 அன்று, படை முகாமிட்டிருந்த காங்லா கோட்டை வாசலுக்கு 12 தாய்மார்கள் வந்தார்கள். ஆடைகளைக் களைந்து, எங்களையும் சிதையுங்கள் என்று ராணுவத்தைப் பார்த்துக் கத்தினார்கள். நாடகத்தைப் பழித்த ஊர் அதன்பிறகு சாபித்ரியை வேறு கண்ணால் பார்த்தது. அந்த ஆகஸ்டில் இம்பால் நகராட்சிப் பகுதியில் ஆயுதப் படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் விலக்கப்பட்டது; நவம்பரில் அசாம் ரைபிள்ஸ் காங்லாவைக் காலி செய்தது.

●

பாகிஸ்தானில் ஜியா-உல்-ஹக் ஆட்சியின் 1979 ஹுதூத் சட்டத்தின்படி, பலாத்காரம் செய்யப்பட்டதாகப் புகார் கொடுத்தவளே முறைகேடான உறவுக்காகச் சிறைக்குப் போக நேர்ந்தது. 1983 பிப்ரவரி 12-ல் லாகூர்த் தெருவில் திரண்ட பெண்களைப் போலீஸ் தடியால் அடித்தது. அதே ஆண்டு 15 பெண் கலைஞர்கள் கூடி ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். பெண்கள் இயக்கத்தின் போஸ்டர்களை அச்சடிக்க அச்சகங்கள் பயந்தபோது, ஓவியர் லாலா ருக் தன் வீட்டிலேயே ஸ்கிரீன் பிரின்டிங் பட்டறை போட்டுவிட்டார்.

●

ஜப்பானிய ராணுவம் இரண்டாம் உலகப் போரில் பாலியல் அடிமைகளாக அடைத்து வைத்த கொரியப் பெண்கள் அரை நூற்றாண்டு வாய் திறக்கவில்லை. கிம் ஹக்-சுன் 1991 ஆகஸ்ட் 14-ல் வெளிப்படையாகப் பேசியதும் மற்றவர்களும் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பாட்டிமார் சேர்ந்து வாழ்ந்த இல்லத்தில் ஓவிய வகுப்பு தொடங்கியது. முதுமையில் முதல்முறையாகத் தூரிகை பிடித்த காங் தோக்-கியோங், பூத்துக் குலுங்கும் செர்ரி மரத்தை வரைந்தார். மரத்தோடு மரமாக ஒரு சிப்பாய். அடியில் முகத்தைப் பொத்திக்கொண்டு கிடக்கும் சிறுமி. வேர்களுக்குக் கீழே மண்டையோடுகள். 1997-ல் அவர் காலமானார்.

சியோலில் ஜப்பான் தூதரகத்தின் எதிரே வாராவாரம் புதன்கிழமை அவர்கள் நடத்திய ஆர்ப்பாட்டத்தின் 1,000-வது நாளான 2011 டிசம்பர் 14 அன்று ஒரு சிறுமியின் வெண்கலச் சிலை அங்கே வைக்கப்பட்டது. வெறுங்கால், குதிகால் தரையில் பதியவில்லை, ஊருக்குத் திரும்பி வந்தும் நிலைகொள்ள முடியாதவர்கள் என்பதால். தரையில் விழும் நிழல் சிறுமியுடையது இல்லை, கூன் விழுந்த கிழவியுடையது. பக்கத்தில் ஒரு காலி நாற்காலி, போகிற வருகிறவர்கள் உட்காருவதற்கு.

●

கொலம்பியாவில் ஃபார்க் கெரில்லாக்கள் ஒப்படைத்த 8,994 ஆயுதங்களை உருக்கியபோது 37 டன் உலோகம் கிடைத்தது. அதை வைத்து நினைவுத்தூண் எழுப்பச் சொன்னார்கள். தோரிஸ் சல்செதோ மறுத்து, 2018-ல் தரைபோட்டார். மேலே நிமிர்ந்து பார்க்கும் இடத்தில் துப்பாக்கியை வைக்க அவருக்கு மனமில்லை. தரைத்தகடுகளுக்கான அச்சை உருவாக்கியவர்கள், அந்தப் போரில் எல்லாத் தரப்பு ஆண்களாலும் சிதைக்கப்பட்ட பெண்கள். தகட்டின்மேல் சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தார்கள். அந்தக் குழிகளும் மேடுகளும் அப்படியே தரையில் இருக்கின்றன. போகோட்டாவுக்குப் போகிறவர்கள் அந்தத் துப்பாக்கிகளின்மேல் நடந்து போகலாம்.

●

2019 நவம்பரில் சிலியின் வால்பரைசோ நகரத் தெருவில் 'லாஸ் தெசிஸ்' என்ற நான்கு பெண்களின் குழு, கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிய பெண்களைத் திரட்டிப் பாடி ஆடியது. சில நாளில் சான்டியாகோ, பிறகு பாரிஸ், டெல்லி. துருக்கியின் நாடாளுமன்றத்துக்குள்ளேயே பெண் உறுப்பினர்கள் மேசையைத் தட்டிப் பாடினார்கள். பாட்டின் தலைப்பு, சிலி போலீஸ் தன்னை மக்களின் வழித்துணை நண்பன் என்று சொல்லிக்கொண்ட பழைய விளம்பர வாசகத்தை மாற்றிப்போட்டது. நடுவில் எல்லோரும் உட்கார்ந்து எழுவார்கள். அது ஆட்ட அசைவு மட்டுமில்லை. கைதான பெண்களை ஆடையில்லாமல் அப்படி உட்கார்ந்து எழச் சொல்வது அந்தப் போலீஸின் சோதனை முறை.

●

கடைசியாக லாஸ் ஏஞ்சலஸ், 1977 மே. சூசன் லேசி நகர மன்றத்துக்குப் பக்கத்து வணிக வளாகத்தில் ஊரின் பெரிய வரைபடத்தை மாட்டினார். நாள்தோறும் போலீஸ் தலைமையகத்துக்குப் போய், முந்தைய நாள் எங்கெங்கே பலாத்காரப் புகார் பதிவானது என்று கேட்டு வந்து, வரைபடத்தில் அந்த இடத்தில் சிவப்பு முத்திரை குத்தினார். ஒவ்வொரு முத்திரையைச் சுற்றியும் மங்கலாக இன்னும் ஒன்பது: புகாருக்கே வராதவை. மூன்று வாரத்தில் வரைபடம் சிவந்துபோனது.

அந்த ஆண்டின் இறுதியில் நகரத்தில் தொடர் கொலைகாரர்கள் பத்துப் பெண்களைக் கொன்றிருந்தார்கள். பத்திரிகைகள் செத்தவர்களின் ஒழுக்கத்தைத் துருவிக்கொண்டிருந்தன. டிசம்பர் 13 அன்று லேசியும் லெஸ்லி லேபோவிட்ஸும் கூட்டிய பெண்கள், ஏழடி உயரத்துக்குக் கறுப்புத் துணி போர்த்தி, சவ வண்டியில் நகர மன்ற வாசலில் வந்து இறங்கினார்கள். டிவி கேமராக்கள் வரும் நேரம் பார்த்துத் திட்டமிட்ட நிகழ்வு அது. அழுதுவிட்டுப் போகவில்லை; கோரிக்கைகளை வாசித்தார்கள். அவற்றில் ஒன்று, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் கூப்பிட வேண்டிய எண்ணை டெலிபோன் டைரக்டரியில் அச்சிட வேண்டும் என்பது. தயங்கிக்கொண்டிருந்த தொலைபேசி நிறுவனம் ஒப்புக்கொண்டது.

மே மாத வரைபடத்துக்குப் பக்கத்தில் லேசி இன்னொரு வரைபடத்தையும் மாட்டியிருந்தார். உதவி எங்கே கிடைக்கும் என்று காட்டிய வரைபடம். நாமும் அதைச் செய்துவிடுவோம். தமிழ்நாட்டில் பெண்கள் உதவி எண் 181, இரவும் பகலும், கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கு 1098. இலங்கையில் பெண்கள் அழைக்க 1938. உங்கள் செல்போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். அடுத்த வீட்டுக் கொடியில் துணி எடுக்க வரும் பெண்ணிடமும் சொல்லிவையுங்கள்.